வாழைக்காயின் தேடல்

ஐம்பத்தாறு வயதில் கேரள அரசாங்கம் என்னை வீட்டுக்கு அனுப்பியபோது நான் ஒரு முடிவு எடுத்தேன். இனி கலைஞனாக வாழ்வது.

இதில் அரசாங்கத்தின் மேல் தவறில்லை. எல்லாரையும்தான் அந்த வயதில் அனுப்புகிறார்கள். மற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள். அல்லது சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பிப்பார்கள். எனக்கு ஒரு கேள்விதான் மிஞ்சியது. ஆபீசில் இத்தனை காலமும் மற்றவர்கள் எழுதிய குறிப்புக்குக் கீழே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவன், உண்மையில் எதையாவது பார்த்திருக்கிறானா?

இதைக் கரமனையில் எங்கள் தெருவில் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் பிரஷர் பார்க்கச் சொல்வார்கள். பெங்களூரில் இருக்கும் மகள் சுப்ரியாவிடம் போனில் கேட்டேன். அவள் ஓர் இணையப் பக்கத்தின் விலாசத்தை அனுப்பினாள்.

"இதப் பாருப்பா. பொழுது போகும்."

பக்கத்தின் பெயர் 'கோணல் கண்'. உலகத்தின் எந்த மூலையில் யார் கிறுக்குத்தனமாகப் படம் வரைந்தாலும், போட்டோ எடுத்தாலும், சினிமா பிடித்தாலும் இவர்கள் தேடிப் பிடித்துப் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் மழைத்தண்ணீர் தேங்கிய குழிகளில் தெரியும் வானத்தை மட்டும் போட்டோ எடுக்கிறார். நிமிர்ந்து பார்ப்பதே இல்லையாம். ஒரு பெண்மணி தெருவிளக்குக் கம்பங்களுக்குப் புடவை கட்டிவிடுகிறாள். கொசுவம் கலையாமல். ஒரு கிழவர் தன் வழுக்கைத் தலையில் தினம் ஒரு மலைக்காட்சி வரைந்து, படம் எடுத்துக்கொண்டு, குளித்துவிடுகிறார். இன்னொருவர் எடுத்த சினிமாவில் ஒரு சீப்பு கடலைக் கடக்கிறது. கடல் என்பது ஒரு நீலப் போர்வை. சீப்பு அலையில் மூழ்கி, பல் தேய்ந்து, கடைசியில் கரை ஏறியபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் அழறேள்?" என்றாள் சூடாமணி.

"சீப்பு கரை ஏறிடுத்து."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

சூடாமணி என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் எனக்கு அவளிடம் பயம். எதிர்த்துப் பேசுகிறவர்களோடு சண்டை போடலாம். 'செரி' என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? நான் எதைச் சொன்னாலும் 'செரி' என்பாள். அப்புறம் அவள் நினைத்தது நடக்கும்.

கலைஞனாக என் முதல் முயற்சி கல்லாறு. ஆற்றங்கரையில் குனிந்து குனிந்து மனித முகம் மாதிரி இருக்கும் கற்களாகத் தேடிப் போட்டோ எடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. சூடாமணி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"எல்லாம் உங்க அண்ணா மாதிரின்னா இருக்கு?"

அதற்கப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அழித்துவிட்டேன்.

அடுத்தது தம்பானூர் ரயில் நிலையம். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களின் பாதங்களை மட்டும் எடுப்பதாகத் திட்டம். ஒரு ஜோடிப் பாதம் எழுந்து வந்து, என்ன வேணும் என்று மலையாளத்தில் விசாரித்தது. கலை என்றேன். பாதத்துக்குச் சொந்தக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கலையும் அன்றோடு முடிந்தது.

அப்போதுதான் 'கோணல் கண்'ணில் அறிவிப்பு வந்தது. வாசகர்களும் குறும்படம் அனுப்பலாம். தலைப்பு: 'வீட்டுக்குள்ளே'. தேர்வாகும் படத்தை அந்தப் பக்கத்தில் போடுவார்கள். அந்தப் பக்கத்தில்! வழுக்கைக் கிழவருக்கும் சீப்புக்கும் நடுவில் கரமனை நாகேஸ்வரன்!

சீப்பு நடந்த வித்தையை நான் படித்து வைத்திருந்தேன். ஒன்றும் பெரிய விஷயமில்லை. பொருளை ஓர் இம்மி நகர்த்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும். இன்னோர் இம்மி, இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் சேர்த்து வேகமாக ஓட்டினால் பொருள் தானாக நடக்கும். பொறுமை ஒன்றுதான் மூலதனம். அரசாங்க ஆபீசில் இருந்தவனுக்கு ஓர் இம்மி நகர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

வெளிநாட்டுக்காரர்கள் கேரட்டையும் காலிஃபிளவரையும் நடக்கவிட்டிருந்தார்கள். நான் யோசித்தேன். என் படத்தில் இங்கிலீஷ் காய்க்கு இடமில்லை. எல்லாம் மண்ணின் காய். கதாநாயகன் வாழைக்காய். வில்லன் பாகற்காய். பாம்பாகவும் பாலமாகவும் புடலங்காய், இரட்டை வேடம். ஜனக்கூட்டம் அவரைக்காய். போலீஸ், தடியங்காய் என்று இங்கே நாங்கள் சொல்கிற வெள்ளைப் பூசணி.

"சூடாமணி, சாப்பாட்டு மேஜை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"படம் எடுக்க."

"எத்தனை நாழி?"

"ரெண்டு வாரம்."

"செரி. சாப்பாடு?"

"தரையில உக்காந்துக்கலாம்."

"முட்டு?"

"எனக்கு முட்டுவலி இல்லையே."

"எனக்கு இருக்கே. குனிஞ்சு பரிமாறப்போறது நீங்களா?"

"கலைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"செரி. கதை என்ன?"

"ஒரு வாழைக்காய் கூடையை விட்டுப் புறப்படறது."

"எங்க?"

"அது ஒரு தேடல்."

"என்னத்தத் தேடறது?"

"அது தெரிஞ்சா ஏன் தேடறது?"

"பின்னே, தேடி முடிக்கறதுக்குள்ள பழுத்துப்போயிடாதோ?"

"பழுத்தா பழுக்கட்டும். வாடினா வாடட்டும். படம் முடியற வரைக்கும் மேஜைமேல இருக்கறதை யாரும் சமையலுக்குத் தொடக் கூடாது."

"தின்னற சாதனத்தை வெறுதே வாடவிட்டா பாபம்."

"அதெல்லாம் இனிமே காய் இல்லை. நடிகர்கள்."

"செரி."

காலையில் குளித்து, ஜபம் முடித்து, ஜன்னல் வழியாக வெயில் மேஜையில் விழும்போது படப்பிடிப்பு தொடங்கும். குக்கர் விசில் அடித்தால் பேக்கப். எழுந்திருப்பதற்கு முன்னால் ஒவ்வொரு காயையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவைப்பேன். பல்லி தட்டிவிட்டாலும் மறுநாள் அதே இடத்தில் வைக்க வேண்டுமே. பிறகு சாப்பாடு. பிறகு தூக்கம். சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடந்து, என்னைப் பற்றி யோசித்துவிட்டுத் திரும்புவேன்.

யோசிக்க நிறைய இருந்தது. அந்த வாழைக்காய் யார்? கூடையில் இத்தனை நாள் மற்றக் காய்களோடு சும்மா கிடந்தது யார்? இப்போது பாகற்காயையும் போலீசையும் தாண்டி, மேஜையின் விளிம்பை நோக்கி இம்மி இம்மியாகப் போவது யார்? விளிம்பில் என்ன இருக்கும்? இந்தப் படம் தேர்வாகாவிட்டால் நான் கையெழுத்துப் போடுகிற கை மட்டும்தான் என்று ஆகிவிடும். தேர்வானால், எனக்குள் ஒருத்தன் இருந்தான் என்று ஆகும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால், நடிகர்கள் வாடவே இல்லை. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் காலையில் வாங்கின கீரை மத்தியானம் துவண்டுவிடும். என் பாகற்காய் ஒரு வாரமாகியும் முள்ளு முள்ளாக நின்றது. வாழைக்காயில் ஒரு மஞ்சள் இல்லை. சுப்ரியா வீடியோ காலில் பார்த்து அசந்துபோனாள்.

"எப்படிப்பா இன்னும் பழுக்கலை?"

"தினம் ஈரத்துணியால தொடச்சுவிடறேன். அதோட கொஞ்சம் பேசறேன்."

"வாழைக்காயோடயா? என்ன பேசுவே?"

"பொறுமையைப் பத்தி."

"அம்மா எங்க? அம்மாகிட்டக் குடு."

சூடாமணி அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள். "நாட்டுக்காய்டி. தாங்கும்."

எனக்குள் ஒரு சிறிய கர்வம் முளைத்தது. கலைஞனின் கை பட்டால் காய்கூட மூப்படையாது போலிருக்கிறது. சாப்பாடும் அந்த நாட்களில் பிரமாதமாக இருந்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பசி கூடும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். சில நாள் நான் இரண்டாம் தடவை கறி கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளும் முனகாமல் குனிந்து போட்டாள். கலை குடும்பத்தையும் பக்குவப்படுத்துகிறது என்று நினைத்தேன்.

படம் முக்கால்வாசி முடிந்தது. வாழைக்காய் பாலத்தைக் கடந்துவிட்டது. இனி விளிம்புதான். அன்று காலை சூடாமணி காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நாளன்னிக்கு உங்க அப்பாவோட ஸ்ராத்தம். ஓர்மை இருக்கோ?"

ஓர்மை இல்லை. திதி வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு தேதியில் வரும். அதைக் கவனிப்பது எப்போதும் அவள்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. தன்னைத் தேடிப் போகிறவன் தகப்பனாரை மறந்துவிட்டான்.

"வாத்தியாரைச் சொல்லியாச்சா?"

"போன மாசமே சொல்லியாச்சு."

"சமையல்?"

"நான்தான். எப்பவும் பண்றதுதானே. இங்கிலீஷ் காய் ஆகாது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், அவரைக்காய்..."

காப்பியைக் கீழே வைத்தேன். அவள் சொல்லிக்கொண்டே போனது ஸ்ராத்தச் சமையல் இல்லை. என் நடிகர்கள், ஒருவர் விடாமல். கேரட்டை வைத்துப் படம் எடுத்தவனுக்கு இந்தச் சங்கடம் உண்டா? ஸ்ராத்தத்துக்கு ஆகாத உருளைக்கிழங்கைக் கதாநாயகனாகப் போட்டிருந்தால் இந்நேரம் நிம்மதியாக விளிம்புக்குப் போயிருக்கும். மண்ணின் காய் வேண்டும் என்றேன். மண்ணை விட்டுப் போனவரும் அதையேதான் கேட்பார்.

மேஜையிலிருந்து எடுக்காதே என்று நான் சொல்ல முடியுமா? அப்பாவின் இலையா, உங்கள் சினிமாவா என்று அவள் கேட்டால் என்ன பதில்? அவள் கேட்க மாட்டாள். 'செரி' என்பாள். அதுதான் பயம்.

எனவே ஒரு திட்டம் போட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சூடாமணியை முந்திக்கொள்வது. அவள் மேஜைமேல் கை வைப்பதற்குள் நானே சந்தைக்குப் போய், ஸ்ராத்தத்துக்கு வேண்டிய எல்லாக் காயையும் வாங்கி அடுக்களையில் நிரப்பிவிட வேண்டும். அப்பாவுக்கும் குறையில்லை. வாழைக்காய்க்கும் உயிர்ப்பிச்சை.

பையை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் கிளம்பினேன். நாங்கள் வழக்கமாகக் காய் வாங்குவது வள்ளியூர்ப் பக்கத்துக்காரர் பிச்சைக்கனியின் கடையில். 'நாங்கள்' என்றால் அவள். நான் அந்தக் கடைக்குப் போய் வெகு காலம் ஆகிறது.

"வாங்க சாமி, வாங்க. அதிசயமா இருக்கு. அம்மாவுக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"நன்னாத்தான் இருக்கா. வாழைக்காய் குடுங்கோ. நல்லதா."

"அளவு கொண்டாந்தியளா?"

"என்ன அளவு?"

"பேப்பருதான். அம்மா கொண்டாருவாங்கள்லா?"

"எனக்கு ஒண்ணும் புரியலை, பிச்சைக்கனி."

அவர் தராசுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார். பத்திரிகைத் தாளில் கத்தரித்த உருவங்கள். ஒன்று வாழைக்காய். ஒன்று பாகற்காய், முள்ளு உட்பட. புடலங்காய்க்கு நான்கைந்து தாளை நீளமாக ஒட்டியிருந்தது.

"வளைவு இந்தப் பக்கம் இருக்கணும், காம்பு இவ்வளவுதான் இருக்கணும், கோட்டுக்கு வெளிய ஒரு நூலு போகப்படாதுன்னுட்டாங்க. நானும் தாரு தாராப் பொரட்டி எடுத்துக் குடுக்கேன். மொதல்ல மாந்திரீகம் ஏதோன்னு நெனச்சேன் சாமி. பெரிய எடம், கேக்கப்படாதுன்னு இருந்துட்டேன்."

"அடிக்கடி வாங்கறாளோ?"

"வாழக்கா ஒண்ணு விட்ட நாளு. பாவக்கா தெனமும். பாவக்கா சீக்கிரம் மஞ்சளாயிருமில்லா? அவரைக்காய்க்கு அளவு கெடையாது. எண்ணித்தான் வாங்குவாங்க. ஒண்ணு கொறைஞ்சா கூட்டம் கொறைஞ்சுரும்னாங்க. எந்தக் கூட்டம் சாமி? கோயில் கூட்டமா?"

வாழைக்காய் மேஜையில் புதிதாக வந்தால், பழையது எங்கே போயிற்று? தரையில் இலை போட்டு உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. வாழைக்காய் மெழுக்குபுரட்டி: கதாநாயகன். பாகற்காய்ப் பிட்லை: வில்லன். அவரைக்காய்க் கறி: ஜனக்கூட்டம் முழுவதும், தேங்காய்த் துருவலோடு. நான் பிரமாதம் என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டிருக்கிறேன். உலக சினிமாவில் தன் நடிகர்களைத் தானே தின்ற டைரக்டர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

"சூடாமணி! மேஜைமேல இருக்கறது யாரு?"

"வாழைக்காய்."

"எந்த வாழைக்காய்?"

"நேத்திக்குச் சாயங்காலம் நீங்க நடக்கப் போனப்போ வாங்கினது."

"நேத்திக்கு நடிச்சது?"

"மோர்க்கூட்டான்ல போட்டிருக்கேன். இறக்கி வெச்சாச்சு."

"முதல் நாள் நடிச்சது?"

"அது எப்பவோ சாப்பிட்டாச்சே. கொறச்சு உப்புக் கம்மின்னு சொன்னேளே."

"தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னேள். ஆனா உங்க படத்தை நான் ஓர் இம்மி நகத்தலை. கோட்டுக்குள்ளதான் வெச்சிருக்கேன். போய்ப் பாருங்கோ."

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"உங்களுக்குக் காய் வாடக் கூடாது. எனக்கு வீணாகக் கூடாது. எப்படியும் வாங்கற காய். அடுக்களைக்கு வரதுக்கு முன்னாடி ஒரு நாள் நடிச்சுட்டு வரட்டுமேன்னு விட்டேன். அதுல என்ன தப்பு?"

தப்பு எங்கே என்று நான் வெகுநேரம் தேடினேன். கிடைக்கவில்லை.

"தடியங்காய்?" என்றேன் கடைசியாக.

"அது அசல்தான். வருஷம் ஆனாலும் கெடாது. போலீஸ் இல்லையா?"

உட்கார்ந்து, அதுவரை எடுத்ததைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். கூடையிலிருந்து ஒரு வாழைக்காய் புறப்பட்டது. இரண்டடி நடந்ததும் சற்றுப் பருத்தது. பிறகு இளைத்தது. உடம்பில் ஒரு மச்சம் தோன்றி மறைந்தது. பாலத்தில் ஏறும்போது கரும்பச்சை, இறங்கும்போது இளம்பச்சை. வில்லனோ நொடிக்கு நொடி முகம் மாறினான். தேடிப் போனவன் மேஜையைத் தாண்டுவதற்குள் பல ஜென்மம் எடுத்திருந்தான். போலீஸ் மட்டும் அப்படியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்று உறைத்தது. அந்த வாழைக்காயை நான் தினம் துடைத்தேன், அதோடு பேசினேன். வேறு வாழைக்காய் என்று எனக்குத் தெரியவில்லை. 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டவன் இங்கேயும் பார்க்கவில்லை.

ஸ்ராத்தத்தன்று காலை மேஜைக்குப் போனேன். கடைசிக் காயையும் அவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் வெறும் சாக்பீஸ் கோடு. மடி வேஷ்டியோடு நின்று அதை ஒரே ஒரு போட்டோ எடுத்தேன். பிறகு போய் உட்கார்ந்து, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். கறி நன்றாக இருந்தது என்று வாத்தியார் சொன்னார்.

படத்தை அனுப்புவதா வேண்டாமா என்று அதன்பிறகும் குழம்பினேன். இது யாருடைய படம்? கடைசித் தேதியன்று ஒரு வழி தோன்றியது. உண்மையை எழுதிவிடுவது. ஆனால் பணிவாக எழுதுவது. அதிகப் பணிவு ஒரு தூண்டில். படிக்கிறவர்கள் உருகிப்போய், 'அப்படிச் சொல்லாதீர்கள், ஐயா, எல்லாம் உங்கள் மேதைமை' என்று பதில் போட்டே ஆகவேண்டும்.

எனவே இப்படி எழுதினேன்: 'இந்தப் படத்தில் காய்களை அளவெடுத்துத் தேர்ந்தெடுத்து மாற்றியது, கடைசியில் நாயகனையே எடுத்துவிட்டது, எல்லாம் என் மனைவி சூடாமணி. நான் வெறுமே நகர்த்தியவன்.'

படம் தேர்வாகிவிட்டது.

சுப்ரியாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாள். "அம்மா! அம்மாகிட்டக் குடுப்பா, சீக்கிரம்!" நான் கையிலிருந்த போனைக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் 'கோணல் கண்'ணைத் திறந்தேன். வழுக்கைக் கிழவருக்குக் கீழே, சீப்புக்கு மேலே, என் சாப்பாட்டு மேஜை. 'இயக்கம்: சூடாமணி, திருவனந்தபுரம்' என்று போட்டிருந்தார்கள். ரொம்பக் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், 'காய் நகர்த்தியவர்: நாகேஸ்வரன்'. காய் நகர்த்துவது என்றால் தமிழில் சூழ்ச்சி செய்வது என்றும் ஓர் அர்த்தம் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் யாருக்குப் போகவேண்டும் என்பது பிச்சைக்கனிக்குக்கூடத் தெரியும்.

கூடவே ஒரு கடிதம் வந்திருந்தது. 'அன்புள்ள சூடாமணி' என்று ஆரம்பித்தது. சூடாமணி கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மேஜை அவளிடம் திரும்பிப் போயிருந்தது. நான் உரக்கப் படித்தேன்.

'ஒரே பயணி உடல் மாறி மாறி நடப்பதைக் காட்டிய உங்கள் யோசனை எங்களைத் தூங்கவிடவில்லை. முடிவில் நாயகனையே எடுத்துவிட்டு வெறும் கோட்டை மட்டும் விட்ட துணிச்சல் அபாரம். அடுத்த படம் எப்போது? ஒரே ஒரு குறை. காய் நகர்த்துபவரின் விரல் நிழல் சில இடங்களில் விழுகிறது. அவருக்கு வேலையில் அவ்வளவு கவனம் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்த தடவை வேறு ஆளை வைத்துக்கொள்வது பற்றி யோசியுங்கள்.'

படித்து முடித்துவிட்டு, அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாமணி நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பதில் போடணுமே. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதறேளா?"

"சொல்லு."

"அன்புக்கு நன்றி. வேறே ஆள் வேண்டாம். இவர் பழகின கை. சம்பளம் கேக்க மாட்டார். சொன்னதைச் செய்வார்."

எழுதினேன்.